காலி இடத்தில் ஒரு வீடு

வனஜாவின் வீட்டைக் காணோம்.

வீடு மட்டுமா? வீடு இருந்த சந்து, சந்து முனைக் குழாய், குழாய்க்கு எதிரே வீட்டுக்காரம்மா மரகதத்தின் தகரக் கூரை, எதுவும் இல்லை. பெரிய வரைபடங்களை அச்சடிக்கும் பிளாட்டர் துப்பிய தாளில், பெங்களூர் ஈஜிபுராவின் நடுவே, வழித்துத் துடைத்த தட்டு மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு. அதன்மேல் 'காலி இடம்' என்று அச்சாகியிருந்தது.

தூசி ஆகாதென்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஏசி அறை அது. வனஜா வெறுங்காலோடு நின்று அந்த வெள்ளையையே வெறித்தாள்.

செல்போன் பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, பெங்களூரின் கூரைகளையும் தெருக்களையும் கம்ப்யூட்டரில் கோடாக மாற்றுவதுதான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. ஆரணியிலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு வந்த வனஜா அங்கே மேப்பிங் டெக்னீஷியன். ஈஜிபுரா அவள் வரைந்த தாள். தன் வீட்டுக் கூரையை மூலைக்கு மூலை கிளிக் செய்து கட்டமாக மூடியபோது தனக்குத்தானே சிரித்துக்கொண்டவள் அவள்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். ரோடுகள் ஒரு லேயர், வீடுகள் ஒரு லேயர், மரங்கள் ஒரு லேயர் என்று பிரித்துத்தான் வரைவார்கள். வேண்டாத லேயரை அணைத்துவிட்டால் அச்சில் வராது. யாரோ அவள் சந்தை மட்டும் தனி லேயருக்குத் தள்ளி, பல்பை அணைப்பதுபோல் அணைத்திருந்தார்கள்.

அந்த 'யாரோ'வைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் தேசிகன் தானே ஒப்புக்கொண்டார். புது அகல ரோடு எந்த வழியாகப் போகும் என்பதை வேலை கொடுத்த சர்க்கார் அலுவலகத்தில் இந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். அந்த இடம் காலியென்று இருந்தால் ரோடு நேராக ஒரு பில்டரின் அடுக்குமாடி வாசலில் போய் நிற்கும். பில்டர், முதலாளிக்கு வேண்டியவர். இதையெல்லாம் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்.

"அடுத்த எடிஷன்ல லேயரை ஆன் பண்ணிக்கலாம் வனஜா."

"அதுக்குள்ள அங்க வீடே இருக்காதே சார்."

"எல்லாம் தகர ஷெட்டும்மா. டெம்பரரி ஸ்ட்ரக்சர்."

"மரகதம்மா பொண்ணு அங்கதான் பொறந்தா. அவளுக்குக் கல்யாணமும் ஆயிடுச்சு. இன்னும் டெம்பரரியா சார்?"

தேசிகன் தாளைத் திருப்பி, கீழ் மூலையைக் காட்டினார். வரைந்தவரின் இனிஷியல் இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. பேனாவின் மூடியைக் கூட அவரே திறந்து கொடுத்தார்.

"போட மாட்டேன் சார்."

"நாளைக்கு ஃபீல்டு செக். அது முடியறதுக்குள்ள போட்டாகணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்குங்க."

சாயங்காலம் குழாயடியில் வனஜா விஷயத்தை உடைத்தபோது சந்தே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு வசவு. மரகதம் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி நிதானமாகக் கேட்டாள்: "மேப்புல இல்லாத ஊட்டுக்குக் கரண்டு பில்லு மட்டும் கரெக்டா வருதே, அது எப்படிடி?"

ஃபீல்டு செக் என்பது ஒரு சடங்கு. வேலை கொடுத்த அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வருவார். தாளில் ஏதாவது ஓர் இடத்தில் பென்சிலை வைப்பார். அங்கே போய், தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். 'ஏதாவது ஓர் இடம்' என்பதெல்லாம் பேச்சுக்கு. பென்சில் இறங்கும் நேரம் பார்த்து தேசிகன் தாளை நீவி நகர்த்துவார். கோரமங்களாவின் நேரான ரோடுகள் வாகாக வந்து பென்சிலுக்கடியில் உட்காரும். பக்கத்திலேயே நல்ல தோசைக்கடையும் உண்டு. வேன் டிரைவர் ரெமிஜியஸுக்கு அந்த வழி மனப்பாடம்.

காலையில் வனஜா அவரிடம்தான் முதலில் போனாள். ஈஜிபுராவுக்கு விடச் சொல்லிக் கேட்டாள். ஆஸ்டின் டவுன்காரரான ரெமிஜியஸ் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஸ்டியரிங் என் கையில கீது மேடம். என் சோறு தேசிகன் சார் கையில கீதே."

சரிதான் என்று வனஜா வேனில் ஏறினாள்.

இன்ஜினியர் ஹெக்டே முன்சீட்டில் இருந்து திரும்பிப் பென்சிலை எடுத்தார். தேசிகன் தாளை விரித்தார். நீவ ஆரம்பித்தார்.

வனஜா தாளின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். தாள் நகரவில்லை.

"இல்லி செக் மாடி சார்," என்றாள், இங்கேயே செக் பண்ணுங்க என்று வெள்ளைத் துண்டில் விரலை ஊன்றி. மிச்சத்தையும் தனக்குத் தெரிந்த கன்னடத்திலேயே சொன்னாள். இதை வரைந்தது நான். இங்கே காலி இடம் இல்லை. என் வீடு இருக்கிறது.

தேசிகன் சிரித்துப் பார்த்தார். புதுப் பெண், வேலைப் பளு, ஏதோ குழப்பம் என்றார். ஹெக்டே அவரையும் பார்த்தார், அந்தக் கையையும் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டிக் டிக்கென்று ஒரு சத்தம். ரெமிஜியஸ் ஈஜிபுரா பக்கம் இண்டிகேட்டர் போட்டிருந்தார்.

"கோரமங்களால ரோடு தோண்டிக்கீறாங்க சார்," என்றார், யாரையும் பார்க்காமல். எங்கேயும் எவரும் தோண்டவில்லை.

சந்துக்குள் வேன் நுழையாது. நடந்தார்கள். ஹெக்டே தாளைப் பிடித்தபடி, அடியெண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். கணக்குப்படி அது காலி இடத்தின் நட்டநடு. தலைக்கு மேலே கொடியில் ஈரப் பாவாடை சொட்டியது. சந்து முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. மரகதம் டம்ளரோடு வந்தாள்.

"காப்பி குடிங்க சார். காலி எடத்துல போட்ட காப்பி."

ஹெக்டே வாங்கிக்கொண்டார். குடித்து முடித்தார். பிறகு தாளின் கீழ் மூலையைப் பார்த்தார். இனிஷியல் இல்லை. இந்தத் தாளைத் திருப்பி அனுப்புவதாகவும், சந்தோடு சேர்த்து வரைந்த தாள் வந்தால்தான் தன் அலுவலகம் வாங்கும் என்றும் தேசிகனிடம் சொன்னார். வனஜாவிடம் வந்து, தட்டுத் தடுமாறிய தமிழில் இன்னொன்றும் சொன்னார்.

"மேப்புல இருந்தா ரோடு வராதுன்னு இல்லம்மா."

"வரட்டும் சார். எங்களைக் கேட்டுட்டு வரட்டும்."

வேனுக்குத் திரும்பும்போது தேசிகன் அவள் காதருகே குனிந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"சந்தோட தாளை அனுப்பணுமே சார், வரைஞ்சவ நான்தானே? இனிஷியல் யார் போடுவாங்க? முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் வருவேன்னு."

மறுநாள் வந்தாள். வாசலில் தேசிகனின் ஷூ இருந்தது. அதற்குப் பக்கத்தில், உரசிக்கொண்டு நிற்கும்படி, தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து தேசிகன் எழுந்தார். எழுந்தவர், மேஜைமேல் கிடந்த இனிஷியல் இல்லாத தாளைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

வனஜா உட்கார்ந்து, அணைந்து கிடந்த லேயரைப் போட்டாள். திரையில் சந்து பல்பு போல் எரிந்தது.