ஜீவராணிக்கு வந்த விறகு

ஜீவராணிக்கு மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொல்வதற்குப் பதினொரு நாளைக்கு முன்பே, டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், மாரியம்மன் கோயில் உத்தரத்தில் தொங்கிய தப்புப் பறை தானாகச் சாவு அடி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஆடி மாதம், மூன்றாவது வெள்ளி, மாலை ஐந்து மணி. அதை அடிக்கிறவர் செத்து ஏழு வருஷமாகியிருந்தது. குச்சி இரண்டும் பக்கத்து ஆணியில் அசையாமல் தொங்கின. கோயில் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மா வந்து சொன்னபோது, உருளைக்கிழங்கு விலை ஏறின சேதியைப் போலத்தான் லயத்து வரிசை வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு ஓர் அடி, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று மூன்று தலைமுறையாகக் காது பழகின சனம். எந்த அடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. பத்து நிமிஷம் அடித்து நின்றது. மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்தது.

அந்தப் பதினொரு நாளும் நாற்பத்தெட்டு வீட்டிலும் அவரவர் வீட்டுக் கிழங்கட்டைகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இருமினவர்களுக்கெல்லாம் கேட்காமலே கொத்தமல்லித் தண்ணி கிடைத்தது. ஜீவராணியின் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு வந்ததும் தோட்டமே பெருமூச்சு விட்டது. பாவம், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தன் வாசல் இல்லை என்றால் யாருக்கும் நெஞ்சு லேசாகத்தான் செய்யும். மூச்சு விட முடியாமல் போனவன் அவள் புருசன் ஆண்டியப்பன் ஒருத்தன்தான். இருபத்தாறு வருஷம் அவளோடு சண்டை போட்டே பழகினவன், அன்றைக்குச் சண்டைக்கு ஒரு காரணமும் கிடைக்காமல் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து வைத்துத் தீட்டிக்கொண்டே இருந்தான். அவள் போய்விட்டால் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் தனக்கு என்ன வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.

தப்பு அடித்தால் சாவு வீட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு விறகு போகவேண்டும். அந்தக் குளிரில் இழவுக்கு வந்தவர்களுக்குத் தீ மூட்டவும் தேத்தண்ணி வைக்கவும் துரைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. தப்பும் அடிக்கிறது, ஆளும் யாரென்று தெரிந்துவிட்டது. பிறகு கொண்டுபோகாமல் இருந்தால் அம்மன் குத்தம் ஆகிவிடாதா என்று தோட்டத் தலைவர் முத்துலிங்கம் யோசித்தார். மனுசர் நல்லவர்தான், ஆனால் அந்த யோசனையை யோசனையோடு விட்டிருக்கலாம். தினமும் என்றால் யாருக்கும் கட்டாது, வெள்ளிக்கு வெள்ளி போதும் என்று முடிவாயிற்று. அடுத்த வெள்ளி ஆண்டியப்பன் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, வாசலில் நாற்பத்தேழு கட்டை மிளாறு கிடந்தது. கவ்வாத்தில் வெட்டி, நன்றாகக் காயவைத்த தேயிலைக் கட்டை. போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தார்கள்.

"எவன்டா உசுரோட இருக்கிறவளுக்கு விறகு போட்டவன்?" என்று அவன் போட்ட சத்தம் மேற்கணக்கு வரைக்கும் கேட்டதாம். அவ்வளவையும் ஆற்றில் தள்ளக் கட்டிக்கொண்டிருந்தவனை ஜீவராணிதான் தடுத்தாள். சாவு வீட்டுக்கு வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது, வெளியே எறியவும் கூடாது, அந்த வீட்டு அடுப்பில்தான் எரிய வேண்டும்.

"ஏங்க, எனக்குத்தானே கொண்டாந்தாங்க? அப்ப நாந்தானே எரிக்கணும். உள்ள எடுத்து வைங்க. பிரேமினி, நீ கேத்தல அடுப்புல வை."

மகள் பிரேமினி அடுப்பை மூட்டினாள். அந்த விறகின் புகை மேலே போகவில்லை. கூரைத் தகரத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்றது. காற்றடித்தாலும் கலையவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் துணி காயப்போடுகிற கம்பியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில். அக்கரப்பத்தனையில் சாமான் கடை வைத்திருக்கும் பைஸர் நானா, கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நாளை அவளுடைய நாளுக்கு மாற்றி வைத்துக்கொண்டு வேனில் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் அவர் நபி மேல் ஸலவாத்து ஓத, இவள் மாரியம்மன் தாலாட்டை முணுமுணுத்தாள். மகன் சுமன் கொழும்பில் ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்பது அவன் பொறுப்பு. தலைமுடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, நகம் கறுத்தது. ஆண்டியப்பன் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டான்: தப்பு அடிக்கிற பத்து நிமிஷமும் நாலு பேரும் ஒன்றாக இருக்கணும். ஐந்து மணிக்குச் சூடம் கொளுத்துவார்கள். சுமன் கடையிலிருந்து போன் எடுப்பான். தன் அம்மாவின் சாவு அடியைப் பெயிண்ட் வாளிகளுக்கு நடுவில் நின்று கேட்டுவிட்டு, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்பான். கஞ்சியும் குளிக்கச் சுடுதண்ணியும் எல்லாம் அந்த விறகில்தான். எரிக்க எரிக்க வெள்ளிக்கு வெள்ளி வந்துகொண்டே இருந்தது.

நாலாவது மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள், கார்த்திகை மழை பிடித்தது. மழையா அது! வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறாம் நாள் மேலேயும் கீழேயும் மண் சரிந்து பாதை அற்றுப்போனது. அன்றைக்கு ஜீவராணிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கே கொண்டுபோவது? பைஸர் நானா சரிவுக்கு அந்தப் பக்கம் வேனை நிறுத்திக்கொண்டு, மண் வெட்டுகிறவர்களோடு தானும் வெட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தோட்டத்து விறகெல்லாம் நனைந்து, காய்ந்த கட்டை ஒரே ஒரு காம்பராவில்தான் மிஞ்சியிருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே ஒவ்வொருத்தராகச் சட்டியோடு வந்தார்கள். "வாங்க, உங்க விறகுதானே," என்று பாயில் கிடந்தபடியே சொன்னாள் ஜீவராணி.

ஐந்து மணிக்குச் சூடம் கொளுத்தினார்கள். தப்புச் சத்தம் வரவில்லை. ஐந்தே கால் ஆயிற்று. "அப்பா, சத்தம் கேக்கலையே?" என்றான் சுமன் போனில். சட்டியோடு வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதம் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர்கள், அது நின்றதற்கு அதைவிடப் பயந்தார்கள். அடித்து முடித்துவிட்டது, இனி ஆள்தான் பாக்கி என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. ஜீவராணியின் கை நெருப்பாகக் கொதித்தது, மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. ஆண்டியப்பன் எழுந்தான், படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடினான்.

கோயிலில் தப்பு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தோல் ஈரம் குடித்து, ஊறின அப்பளமாகத் தொய்ந்து கிடந்தது. விரலால் தட்டினான், சத்தமே எழவில்லை. தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சாமல் மழைக்காலத்தில் யார்தான் அடிப்பார்கள்? அவிழ்த்துச் சாக்கில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். சாவுத் தப்பை வீட்டுக்குள் கொண்டுவருகிறானே என்று வாசலில் நின்றவர்கள் பதறினார்கள். முத்துலிங்கம் குறுக்கே கையை நீட்டினார்.

"தலைவரே, தள்ளுங்க. இது அடிக்கிற வரைக்கும் அவ இருந்தா. எனக்கு அது போதும்."

அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். தலைவர் தள்ளி நின்றார். அடுப்பில் இருந்த சட்டிகளை இறக்கினார்கள். பிரேமினி கட்டையைத் தள்ளிவிட, அவன் தப்பைத் தீக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினான். தோலிலிருந்து ஆவி எழும்பியது. ஒவ்வொருத்தரும் தான் போட்ட கட்டை எது என்று அடையாளம் தெரிந்து, அதை எடுத்துக் கொடுத்தார்கள். தோல் இறுகி 'டங்' என்றது. அடிக்கத் தெரியாத கையை அவன் ஓங்கினான், அது விழுவதற்கு முன்பே தப்பு அவன் மடியில் தானாக அடிக்கத் தொடங்கிவிட்டது. சாவு அடிதான், ஒரு தாளம் பிசகவில்லை. போனில் சுமன் ஓவென்று அழுதான்.

ஜீவராணி கண்ணைத் திறந்தாள். "ஏன் இவ்ளோ பிந்தி அடிக்குது?" என்று கேட்டாள்.

பொழுது விடிந்ததும் பாதை ஒரு வேன் அளவுக்கு வெட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து ஊசி போட்டார்கள். மிச்சம் இரண்டு மருந்தும் ஏறியது, பிறகு ஒப்பரேசனும் முடிந்தது. இப்போது மூன்றாவது வருஷம். ஸ்கேன் படத்தில் ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டர். புகை மட்டும் அந்தக் கூரைக்கு மேலே இன்னும் நிற்கிறது. மழைக்காலம் வந்தால் ஆண்டியப்பன் தப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டிவிடுகிறான்.

தினமும் ஐந்து மணிக்குச் சாவு அடி அடிக்கிறது. பழக்கமில்லாதவர்கள் யாராவது லயத்துக்கு வந்திருந்தால், நிமிர்ந்து பார்த்து, யாருங்க போயிட்டாங்க என்று கேட்பார்கள். "ஜீவராணியக்காவுக்குத்தான் அடிக்குது," என்பார்கள் லயத்தில், "உள்ள போங்க, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க."