நான்கு போத்தல் தண்ணீர்

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும், ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி வீரப்பனைத் தனியாக அழைத்தார். வீரப்பன் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

"சிங்கப்பூர் யூனிவர்சிட்டியிலேருந்து ஒருத்தர் வராரு. கெணத்துத் தண்ணி நாலு போத்தல் கேப்பாரு. நீ மலை ஊத்துல புடிச்சிக் குடுத்துரு. புரியுதாலா?"

புரிந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்ததும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று தொழிலாளர்களின் லயங்களையெல்லாம் முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். வேலிக்குள் ஒரே கிணறு. அதற்கு மேட்டில்தான் புல்லைக் கொல்லும் மருந்துக் கொட்டகை. மழை பெய்தால் அந்த மண் எங்கே கரைந்து போகிறதென்று வீரப்பனுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் வேலை போகும். 'கம்யூனிஸ்ட்' என்று எவனாவது சொல்லிவிட்டால் ஆளே போவான்.

வந்தவர் காளிதாஸ் என்ற இளைஞர். அவர் லயத்துச் சனங்களின் கைத்தோலில் நஞ்சின் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தபோதே வீரப்பன் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

பால்மரம் வெட்டும் முனியாயி, தடித்துக் கறுத்த உள்ளங்கைகளை நீட்டினாள். "எம்புள்ள வாந்தி எடுத்தே போயிருச்சிங்கய்யா. ஆத்தா கோவம்னாங்க. நெசமா என்னான்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

"இந்தத் தண்ணி சொல்லும்மா. வெசம் இருந்தா, இதே மருந்தடிக்கிற மத்த எஸ்டேட்டுக்கும் சொல்லுவோம்."

முனியாயி வீரப்பனிடம் திரும்பினாள். "நம்ம கெணத்துத் தண்ணிதானண்ணே?"

"ம்" என்றான், அவளுடைய கைகளைப் பார்க்காமல்.

வேலி வாசலில் போலீஸ்காரர்கள் காளிதாஸின் காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வீரப்பன் ஓடிவந்தான். கிராணி முறைப்பதைக் கண்டும் நிற்கவில்லை.

"ஐயா, அது கெணத்துத் தண்ணி இல்லீங்க. நான்தான் ஏமாத்திட்டேன். வாங்க, உங்க கண்ணு முன்னால எறைச்சித் தரேன்."

மறுநாளே மண்டோர் வேலை போயிற்று. மறுபடியும் புல் வெட்டப் போனான். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது: புல் மருந்திலிருக்கும் பாஷாணம் கிணற்றில் கலந்திருந்தது. கிணற்றை மூடினார்கள், மருந்துக் கொட்டகை தாழ்வான இடத்துக்குப் போனது, மலை ஊற்றிலிருந்து குழாய் வந்தது. ரெம்பியா வரையிலுள்ள தோட்டங்களிலும் கிணறுகளைச் சோதித்தார்கள்.

குழாயடியில் முனியாயி அவனிடம் மெல்லக் கேட்டாள்: "முன்னமே சொல்லியிருந்தா எம்புள்ள இருந்திருக்கும்லண்ணே?"

வீரப்பன் தலை குனிந்தான். "இருந்திருக்கும், தங்கச்சி. படிச்சவங்க ஆராய்ச்சி பண்றது நம்ம உசுரையும் மண்ணையும் காப்பாத்தத்தான். ஆனா நாம உண்மையக் குடுத்தாத்தான் அவங்களால உண்மையச் சொல்ல முடியும். மருந்து மட்டுமில்ல, பயந்துகிட்டு நான் வாய மூடியிருந்ததும் வெசந்தான்."