மூன்று பொட்டு வைத்த உருளை

மீரான் பாய் மூன்றாவது முறையாகச் சிவப்பு மை டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆயுதபூஜைக்குச் சில நாட்கள் இருந்தன.

உறையூரில் சுருட்டுக் கட்டுகளுக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ் அவருடையது. எங்கள் கம்பெனி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. அங்கே அச்சு மை அரைத்தோம். நான் ராத்திரி மில்லைப் பார்த்துக்கொண்டேன். அன்று காலையில் ராத்திரி ஷிப்டு முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தபோதுதான் பாய் வந்தார்.

டின்னைத் திறக்காமலே மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இரண்டு காகிதங்களைப் போட்டார். ஒன்று நாங்கள் கொடுத்த சாம்பிள், மற்றது அவர் பிரஸ்ஸில் விழுந்த லேபிள்.

"சாம்பிள் கல்யாணப் பட்டு மாதிரி இருக்கு. மிஷின்ல ஏத்தினா செங்கல் பொடி."

முதலாளி அழகிரி குனிந்து பார்த்தார். "உங்க மிஷின்ல கோளாறு இருக்கும் பாய்."

"பம்பாய் மை போட்டா ஒழுங்கா வருதே. மிஷினுக்கு உங்களைப் பிடிக்கலையோ என்னவோ."

அழகிரி சிரிக்கவில்லை. பாயும் சிரிக்கவில்லை.

"பூஜை முடிஞ்சதும் கிளி மார்க் சுருட்டு லேபிள் ஆரம்பிக்கிறேன். வருஷம் பூரா ஓடுற வேலை. நீங்க காட்டுறதும் என் பிரஸ்ல விழுறதும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நான் பம்பாய்க்குப் போயிடுவேன். வருத்தப்படக் கூடாது."

அவர் போன பிறகு அழகிரி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வேலை போச்சுன்னா ராத்திரி மில்லை நிறுத்திட வேண்டியதுதான்."

சுவரைப் பார்த்துச் சொன்னாலும் எனக்குத்தான் சொன்னார். ராத்திரி மில்லில் நாங்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். எனக்குப் பகலில் மனிதர்களோடு ஒத்துவராது. கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மணப்பாறைக்குத் திரும்பிப் போய் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதைவிட மூன்று இரும்பு உருளைகளுக்கு நடுவே மை நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மில் என்னை எதுவும் கேட்காது.

சாம்பிள் போடுவது அருள்நாதன் வேலை. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தவர்கள். அவன் முடித்தான். விரல்நுனியில் துளி மையைத் தொட்டு, வெள்ளைக் காகிதத்தில் தட்டித் தட்டிப் பரப்புவான். அதுதான் எங்கள் சாம்பிள். அவன் ஆள்காட்டி விரல் எப்போதும் சிவந்திருக்கும். "ஓட்டுப் போட்டவன் மாதிரி இருக்கேன்" என்பான்.

"விரல் பிரஸ் ஆகாது வீரமலை" என்றான் என்னிடம் அன்று. "பிரஸ்ல மை ரோலர்ல ஏறித்தான் காகிதத்துக்குப் போகுது. நாமளும் ரோலர்ல தடவித்தான் காட்டணும்."

அதை அவன் முன்பே அழகிரியிடம் சொல்லியிருந்தான். மதராஸ் ஏஜெண்டு மூன்று சாமான்களை அனுப்பியிருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலாவது, பிடி போட்ட கை உருளை. தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரப் பசையையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்தது. தொட்டால் கன்னம் மாதிரி மெத்தென்றிருக்கும். பிரஸ்காரர்கள் பரம்பரையாகப் பழகியது அதுதான். மூன்றிலும் மலிவு. அழகிரிக்கு அதன்மேல்தான் கண். வந்த அன்றே எறும்பு மொய்த்ததால் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவே அதை நிறுத்தியிருந்தோம்.

இரண்டாவது, ரப்பரில் செய்த கை உருளை.

மூன்றாவது ஒரு சின்ன மிஷின். எங்கோ ஒரு லேபரட்டரியில் உழைத்து ஓய்ந்தது. ஒரு எஃகு உருளை, அதை ஒட்டி இரண்டு ரப்பர் உருளைகள், பக்கத்தில் கைப்பிடி. கூடவே குன்றிமணி அளவு குழி வெட்டிய பித்தளைக் கரண்டி ஒன்று. குழி நிறைய மையை வழித்து உருளைமேல் வைத்துச் சுற்ற வேண்டும். மை சீராகப் பரவியதும் காகித நாடாவை உள்ளே விட்டால் நிறம் ஏறி வெளியே வரும்.

"இது பொம்மை" என்றார் அழகிரி. "பூஜை முடியட்டும், பார்ப்போம்."

ஆயுதபூஜைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தோம். டின் கழுவுகிற இருசம்மாள் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். மில்லுக்கு, தராசுக்கு, கரண்டிகளுக்கு, மூன்று சாமான்களுக்கும் மும்மூன்று பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம். வெளியே அருள்நாதனின் சைக்கிளையும் விடவில்லை.

"என் சைக்கிள் ஞானஸ்நானம் வாங்கினது இருசம்மா."

"இப்போ பொட்டும் வாங்கிக்கட்டும் சார். சண்டையா போடப் போவுது?"

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக் கூடாது. யாரும் தொடவில்லை. காவிரியும் கொள்ளிடமும் நிரம்பி ஓடுகிற மாதம். சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. சந்தனம் உலரவே இல்லை.

விஜயதசமி காலை அழகிரி சூடம் காட்டி முடித்தார். "முதல் ஓட்டம் மலிவானதுல ஓட்டு" என்றார்.

அருள்நாதன் வஜ்ர உருளையை எடுத்துப் பொட்டுகளைத் துடைத்தான். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். பொட்டு இருந்த மூன்று இடங்களும் கொசுக்கடி போல வீங்கியிருந்தன. வஜ்ரம் சந்தனத்து ஈரத்தைக் குடித்திருந்தது.

"மாமியார் வீட்டுக்கு அனுப்பின மாதிரி உடம்பு வச்சுடுச்சு" என்றான்.

"பரவாயில்லை, உருட்டு" என்றார் அழகிரி. "உள்ளே வெல்லம்தானே. மறுபடி உருக்கி வார்த்துக்கலாம்."

கண்ணாடிப் பலகையில் கிளி மார்க் சிவப்பைத் துளி வைத்து, உருளையில் ஏற்றினான். லேபிள் காகிதச் சுருள் ஒன்றை மேசைமேல் விரித்தேன். அவன் ஒரு முனையில் உருளையை வைத்துத் தள்ளிக்கொண்டே போனான். மேசை முடிந்தது. நான் சுருளைத் தரையில் விரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். அவன் முட்டி போட்டுத் தொடர்ந்தான். அவன் ஏன் நிறுத்தவில்லை, நான் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று தெரியாது. அடுத்து என்ன வரும் என்று இரண்டு பேருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வாசற்படியில் என் குதிகால் முட்டியது. அங்கேதான் நின்றோம்.

வீங்கிய இடங்கள் மட்டும் பட்டு, காகிதத்தில் மூன்று பொட்டு விழுந்திருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் மறுபடி மூன்று பொட்டு. மறுபடி மூன்று. உருளை ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வாசல் வரை வந்திருந்தது. முதல் சுற்றில் குங்குமச் சிவப்பு. அடுத்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்து செங்கல். பிறகு வெயிலில் வெளுத்த ஓடு, உள்ளங்கை, நகக்கண். வாசற்படி அருகே வெள்ளைக் காகிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னத்தைத் தரையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது அங்கேயும் மூன்று பொட்டு இருந்தது.

"ஒவ்வொரு தடவை தொடும்போதும் மை பாதியாப் பிரியுது" என்றான் அருள்நாதன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. "பாதி காகிதத்துக்கு, பாதி ரோலருக்கு. அடுத்த சுத்துல அந்தப் பாதியில பாதி."

"எப்போ தீரும்?"

"தீராது. நம்ம கண்ணுதான் தீரும்."

நான் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தச் சிவப்பை நான் பீப்பாய் பீப்பாயாக அரைத்தவன். கை, கழுத்து, சோற்றில்கூட அது ஏறியிருக்கிறது. மை என்றால் எனக்கு எடை. தூக்கினால் தோள் வலிக்கும். ஒரு மிளகளவு மை அந்த அறையைக் குறுக்கே கடந்து வாசலைத் தாண்டவும் தயாராக இருந்தது. ஒரே மை, ஒரே உருளை, ஒரே கை. ஆனால் காகிதத்தில் ஒரு நிறம் இல்லை, வாசல் வரை நீண்ட ஒரு கூட்டமே இருந்தது. கோயிலில் எனக்கு வராத பயம் அப்போது வந்தது. இத்தனை நாள் நாங்கள் சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது மையின் பெயர் இல்லை. அதன் கனத்தின் பெயர்.

"இதுல எது நம்ம சிவப்பு?" என்று கேட்டேன்.

அழகிரி முதல் சுற்றைக் காட்டினார். அருள்நாதன் எழுந்துபோய் மீரான் பாய் விட்டுப்போன இரண்டு காகிதங்களையும் எடுத்துவந்தான். அவன் விரலால் தட்டிய சாம்பிள் முதல் சுற்றோடு பொருந்தியது. பாயின் லேபிளை வைத்து நகர்த்திக்கொண்டே போனான். முதல் பொட்டுகளைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே லேபிளின் ஓரம் காகிதத்தில் கரைந்து காணாமல் போனது.

"பாய் பிரஸ் இங்கே நிக்குது" என்றான். "நாம அங்கே நின்னுக்கிட்டு அவரைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கோம்."

ரப்பர் கை உருளையை எடுத்தோம். அதில் வீக்கம் இல்லை, சந்தனம் சுத்தமாக வந்துவிட்டது. அவன் ஒரு தடவை உருட்டினான், நான் ஒரு தடவை உருட்டினேன். என் கை கனம். அவன் சிவப்பும் என் சிவப்பும் சித்தப்பா மக்கள் மாதிரி ஜாடை மட்டும் ஒத்திருந்தன. கை மாறினால் நிறம் மாறியது.

மிஷினில் குழிக்கரண்டியால் மை வைத்துச் சுற்றினோம். முதலில் சளப்சளப் என்றது. பிறகு அந்தச் சத்தம் மெலிந்து, தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்ததுபோலச் சீறியது. பிறகு அதுவும் சன்னமாகி ஒரே நூலாக நின்றது. எஃகின் மேல் மை இருக்கிறதா என்றே தெரியவில்லை, எஃகு சிவந்திருந்தது அவ்வளவுதான். நாடாவை விட்டோம். அவன் சுற்றியது, நான் சுற்றியது, இருசம்மாளைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னது, மூன்றையும் அடுக்கினால் எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

மூன்றும் செங்கல் பொடி நிறம்.

அழகிரி நாடாவை விரலிடுக்கில் தொங்கவிட்டுப் பார்த்தார். "என் மையை நானே அசிங்கப்படுத்தி விக்கணுமாப்பா? வஜ்ர ரோலரே போதும். வீக்கம் இல்லாம வார்த்து, முதல் சுத்தை வெட்டி அனுப்பு. ஜோரா இருக்கு."

"அதுக்கு என் விரலே போதுமே சார்" என்றான் அருள்நாதன்.

"நீ சும்மா இரு. இந்தச் சாணி நிறத்தைக் காட்டினா பாய் ஓடிடுவாரு."

"இதைக் காட்டினா போனாலும் போவாரு" என்றேன். "அதைக் காட்டினா கண்டிப்பாப் போயிடுவாரு. மூணு தடவை டின்னு திரும்பி வந்துச்சு. நாலாவது தடவை டின்னு வராது, அவரும் வரமாட்டாரு."

ராத்திரி ஆள் பகலில் அவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பினார். பிறகு தரையில் கிடந்த நீளக் காகிதத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாகவே வாசல் வரை நடந்து, குனிந்து, கடைசிப் பொட்டைத் தேடினார்.

"ஆளனுப்பி பாயை வரச்சொல்லுங்க" என்றார்.

மீரான் பாய் மத்தியானம் ஜட்காவில் வந்திறங்கினார். அழகிரி ஒரு நாடாவை நீட்டினார். அதைக் கொடுக்கும்போது அவர் முகம் போன போக்கை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மகளின் ஜாதகத்தில் உள்ள தோஷத்தைச் சம்பந்திக்கு அவரே எடுத்துக் காட்டுகிற முகம்.

பாய் சட்டைப்பையிலிருந்து தன் லேபிள் இன்னொன்றை எடுத்து நாடாமேல் வைத்தார். வெளியே வெயிலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தார். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு மிஷின் முன் உட்கார்ந்தார். அருள்நாதன் குழிக்கரண்டியில் மை வழித்துக் கொடுத்தான். பாய் சுற்றினார். சத்தம் சன்னமாகிற இடத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிரஸ்காரருக்கு அது தெரிந்த சத்தம். நாடாவை விட்டு எடுத்தார். அதே செங்கல்.

"என் பிரஸ்ஸை எப்படி இந்தப் பொட்டிக்குள்ள அடைச்சீங்க?" என்றார். கேலியாக இல்லை.

பாய் லேபிளையும் நாடாவையும் இன்னொரு தடவை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இதுவரைக்கும் நீங்க உங்க மையைக் காட்டுனீங்க. இப்பத்தான் என் லேபிளைக் காட்டுறீங்க. சரி. இனிமே இதைச் சிவப்பாக்குங்க. இந்த மிஷின்ல என்னிக்குச் சிவப்பா வருதோ, அன்னிக்கு டின்னை அனுப்புங்க. அதுவரைக்கும் பம்பாய்க்கு எழுதல."

வஜ்ர உருளையையும் ரப்பர் உருளையையும் அன்றைய ரயிலிலேயே ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வஜ்ர உருளைப் பெட்டியை இருசம்மாள் எறும்பு தட்டிவிட்டுத்தான் கட்டினாள். மிஷினின் பொட்டை மட்டும் அழகிரி துடைக்கவிடவில்லை. உருளைமேல் இல்லை, இரும்புச் சட்டத்தின்மேல்தானே, இருக்கட்டும் என்றார்.

மில்லில் நிறப்பொடியைக் கூட்டி, உருளைகளை நெருக்கி, ஒரே மையைத் திரும்பத் திரும்ப விட்டு அரைத்தோம். காலையில் அருள்நாதன் வந்ததும் குழிக்கரண்டியை நீட்டுவேன். அவன் சுற்றுவான். இரண்டு பேரும் சத்தம் சன்னமாகிறவரை காத்திருப்போம். முதல் காலைகளில் செங்கல்தான் வந்தது. பிறகு பழுத்த மிளகாய். ஒரு காலை நாடா வெளியே வந்தபோது அவன் தன் விரலை அதன் பக்கத்தில் வைத்தான். விரலைவிட நாடா சிவந்திருந்தது.

டின் உறையூருக்குப் போனது. திரும்பி வரவில்லை. ராத்திரி மில் ஓடுகிறது.

அந்த நீளக் காகிதத்தை நான் சுருட்டி வைத்திருக்கிறேன். மில் சூடாகக் காத்திருக்கிற சாயங்காலங்களில் விரித்துக் கடைசிப் பொட்டைத் தேடுவேன். சில நாள் தெரியும். சில நாள் தெரியாது. தெரியாத நாளிலும் அது அங்கேதான் இருக்கிறது.