நடுவுள்ளவளுக்கு இரண்டு நிமிடம்

அந்த நிறுவனத்துக்கு இருப்பதே மூன்று செயற்கைக்கோள்கள். காகிதத்தில் அவற்றுக்கு நீள நீளமான பெயர்கள் உண்டு; கட்டுப்பாட்டு அறையில் யாரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை. மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி. பெற்ற பிள்ளைகளைக்கூட அங்கே யாரும் இத்தனை கரிசனமாகக் கூப்பிட்டதில்லை.

மூத்தவளுக்கு வயதாகிவிட்டது. அவளை நேராக நிறுத்திவைக்கும் சக்கரங்களில் ஒன்று பழுது. தன்னிஷ்டத்துக்கு ஓடத் தொடங்கிவிடும். தினமும் காலை பத்து மணிக்கு அதை நிறுத்தச் சொல்லி ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். ஷிப்ட் பொறுப்பாளர் ஒன்பது வருடமாக அதை அனுப்புகிறாள்.

கட்டளை எதுவானாலும், ஒருவர் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் கையிலுள்ள தாளோடு ஒப்பிட்டு ‘சரி’ என்ற பிறகுதான் பொத்தானைத் தொடலாம். நல்ல ஏற்பாடுதான். வம்பு என்னவென்றால், தாளை வைத்திருப்பவன் அவளுடைய கொழுந்தன். அவளைவிட எட்டு மாதம் மூத்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவள் படித்த அதே படிப்பைப் படித்தவன். இருந்தும் அண்ணி என்றால் அண்ணிதான். வீட்டில் சாப்பாட்டில் உப்பே இல்லையென்றாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துபோகிற ஆள்.

அன்றைக்குப் பத்து மணி வரை அவள் நடுவுள்ளவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குத் திரையை மாற்ற மறந்துவிட்டாள்.

“கோள் ரெண்டு. சக்கரம் ஒண்ணு. நிறுத்து.”

“சரி, அண்ணி.”

அவ்வளவுதான். நோய்நொடி இல்லாமல் இருந்த நடுவுள்ளவளின் சக்கரம் நின்றது. அவள் மெல்லத் திரும்பத் தொடங்கினாள். சுவரில் ஓடிக்கொண்டிருந்த முப்பது சேனல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. கேபிள் போகாத தீவுகளுக்குத் தொலைபேசியும் அவள் வழியாகத்தான்; அதுவும் போயிற்று.

தலைமைப் பொறியாளர் பதறியடித்து ஓடிவந்து கணக்குப் போட்டார். சூரியத் தகடுகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தன. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் அவள் வெறும் தகரம். ஒரு சுற்றுச் சுற்ற இருபத்திரண்டு நிமிடம். அதில் இரண்டே நிமிடம் முகம் பூமிப் பக்கம் இருக்கும், அப்போதுதான் சொல்வது காதில் விழும். அவளை நிமிர்த்த ஏழு கட்டளைகளைத் தாளில் எழுதிக் கொழுந்தனிடம் கொடுத்தார்; கையில் இருப்பது ஐந்து சுற்றுகள்.

செய்தது தான் என்று பொறுப்பாளருக்குத் தெரியும். அழுவதற்கு நாள் கிடக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் சுற்றில் இரண்டு கட்டளைகள் போய்ச் சேர்ந்தன.

“படிச்சுக் காட்டுறதெல்லாம் இன்னைக்கு வேணாம்மா. அனுப்பிக்கிட்டே இருங்க,” என்றார் தலைமைப் பொறியாளர்.

“முடியாது சார். படிக்காம இங்கேயிருந்து ஒண்ணும் போகாது.”

“நேரம் இல்லம்மா.”

“அதான் சார், இன்னொரு தப்புக்கும் நேரம் இல்ல.”

இரண்டாவது சுற்றில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, ஒன்றும் ஏறவில்லை. அறையில் ஒருவர் தலையில் கை வைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் இன்னும் இரண்டு ஏறின.

அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்போதுதான் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

“அண்ணி, நான் பார்த்தேன். தாள்ல கோள் ஒண்ணுன்னுதான் இருந்துச்சு. நீங்க ரெண்டுன்னு படிச்சீங்க.”

“பார்த்துட்டா சரின்னீங்க?”

“அண்ணி சொல்றாங்களே, ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்.”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்திருப்பாள். கிழிக்கவில்லை. இத்தனை வருடமாக இந்த மரியாதை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

“தம்பி, இந்த அறையில நான் உங்க அண்ணி இல்ல. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. மூஞ்சியைப் பார்க்காதீங்க, தாளைப் பாருங்க.”

நான்காவது சுற்றில் இரண்டு. ஆறு ஆயிற்று. ஐந்தாவது சுற்றுக்கு மிச்சம் ஒரே கட்டளை: பக்கவாட்டில் இருக்கும் உந்தி எந்திரத்தை எரித்து, சுற்றுவதை நிறுத்தும் எதிர்உந்துதல். இதைவிட்டால் பேட்டரி தாங்காது.

சிக்னல் வந்தது. அவள் விரல் பொத்தானுக்கு ஓர் அங்குல தூரத்தில் நின்றது.

“கோள் ரெண்டு. வலது உந்தி. நாப்பது செகண்ட். எரி.”

“இல்ல.”

“இல்ல அண்ணி. தாள்ல இடதுன்னு இருக்கு. அவ இப்பத் தலைகீழா இருக்கா.”

“முப்பது செகண்டுதான் இருக்கு,” என்று கத்தினார் தலைமைப் பொறியாளர்.

அவள் திரையைப் பார்த்தாள். பழக்கத்தில் வலது என்றே அடித்திருந்தாள். அதை அனுப்பியிருந்தால் நடுவுள்ளவள் பம்பரமாகச் சுழன்றிருப்பாள். அழித்தாள், மாற்றினாள், நிதானமாகப் படித்தாள்.

“கோள் ரெண்டு. இடது உந்தி. நாப்பது செகண்ட். எரி.”

“சரி.”

அழுத்தினாள். இரண்டு நிமிடம் முடிந்தது. சிக்னல் அறுந்துபோகவில்லை. மூன்று நிமிடம். ஐந்து. அப்போதும் அறுபடவில்லை; அவள் முகம் பூமிப் பக்கமே நின்றது. ஆறாவது நிமிடத்தில், தகடுகளில் வெயில் விழுந்து பேட்டரி ஏறத் தொடங்கியதாகத் திரை சொன்னது. தலைமைப் பொறியாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சேனல்கள் திரும்பி வந்த பிறகு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. “காரணம் தெரியலைன்னு போட்டுக்கலாமா?” என்று அவர் இழுத்தார். அவள் ‘தவறான கோளுக்கு நான் அனுப்பினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விதிப்படி ஆறு மாதம் அவள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

“உங்க இடத்துல யாரைம்மா போடுறது?”

“தம்பியைப் போடுங்க.”

“தப்புக்குச் சரின்னு சொன்ன ஆளையா?”

“தலைபோற நேரத்துல எனக்கே இல்லைன்னு சொன்ன ஆளு சார். இனிமே நீங்க தப்பாச் சொன்னாலும் இல்லைன்னு சொல்லுவார்.”

கொழுந்தன் பதறினான். “இல்ல அண்ணி, அதெல்லாம் முடியாது. நீங்க இருக்க வேண்டிய இடத்துல நான் உட்கார மாட்டேன்.”

“பார்த்தீங்களா சார்,” என்றாள் அவள், “ஒரே நாள்ல எனக்கு ரெண்டாவது ‘இல்ல’.”

சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்ததை அவள் மறைக்கவும் இல்லை.