செவ்வாய் ஓரையில் வந்த தம்பி

ஜெருசலேமில் மழைக்கால வெள்ளிக்கிழமை. ஜெபக்கூடத்திலிருந்து ஃபைவிஷ் வீடு திரும்பும்போது மணி ஆறைத் தாண்டிவிட்டது. வாசலில் நனைந்துபோய் நின்றவன் அவன் தம்பி ஆன்ஷெல்.

அவனைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. வெள்ளி மாலை ஆறிலிருந்து ஏழுவரை செவ்வாய் ஓரை, சண்டை மூட்டும் நேரம், அதில் ஓய்வுநாள் விருந்தைத் தொடங்கிவைக்கும் திராட்சரசக் கிண்ணத்தைத் தொடக் கூடாது, அதற்கு முன் சாப்பிடவும் கூடாது என்பது அப்பா கடைப்பிடித்த மறைஞானிகளின் வழக்கம். அவன் கடைசியாக இங்கிருந்த வெள்ளியன்று, ஏழாகும் முன்பே பசி தாங்காமல் ஆன்ஷெல் ரொட்டியைப் பிய்த்தான். அப்பா கத்தினார். அவன் சாபத்தையும் விட்டான், வீட்டையும் விட்டான். அப்பா செத்ததற்கும் வரவில்லை.

"ஓய்வுநாளாச்சே, பஸ்ல வரலண்ணா, நடந்துதான் வந்தேன்," என்றான் இப்போது.

ஃபைவிஷின் மனைவி ஹின்டா துண்டை நீட்டினாள். "தலைய துவட்டுங்க தம்பி. உங்கண்ணன் பாத்துக்கிட்டே நிப்பாரு, வாங்கன்னு சொல்ல வாய் வராது."

ஆன்ஷெல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஃபைவிஷும் பார்த்தான். காக்க வைத்தால் பழையபடி எழுந்து போய்விடுவான். இந்தத் தடவை போனால் போனதுதான்.

ஃபைவிஷ் கிண்ணத்தில் திராட்சரசத்தை ஊற்றினான்.

"என்னங்க, மணி பாத்தீங்களா?"

"பாத்தேன். பசிச்ச விருந்தாளி இருந்தா ஏழு வரைக்கும் காத்திருக்க வேணாம்னு வேதச் சட்டத்துலயே இருக்கு. வீட்டு நிம்மதிதான் முதல்ல."

கிண்ணத்தைத் தூக்கினான். ஆன்ஷெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வைண்ணா. ஏழாகட்டும்."

"பசிக்கலியாடா?"

"கொலப்பசி. ஆனா சோறு போட்டா தின்னுட்டு ஓடிடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இந்த ஒரு மணி நேரம் உக்கார வைச்சாத்தான் பேசுவேன்."

ஃபைவிஷ் கிண்ணத்தை வைத்தான். "கடைசில அப்பா என்னைக் கேட்டாரா?" என்றான் ஆன்ஷெல்.

"வாரா வாரம். உன் நாற்காலிய எடுக்க விடலை. திட்டிக்கிட்டேதான் கேட்டாரு."

"திட்டாம கேட்டிருந்தா அது அப்பாவே இல்ல," என்று சிரித்தவன், சட்டென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏழு அடித்தது அவர்கள் காதில் விழவில்லை.

"செவ்வாய் போய் ரொம்ப நேரமாச்சு," என்றாள் ஹின்டா. "சூப்பு சுண்டிப்போச்சுன்னா இனி சண்டைக்கு நான்தான் வருவேன்."