பொட்டு வாங்காமல் இறங்கினால்

பெருந்துறையில் அந்த வீட்டின் சட்டம் ஹாரிகாவுக்கு மனப்பாடம். மருமகள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் மாமியார் கையால் குங்குமம் வைத்து அனுப்ப வேண்டும். பொட்டு வாங்காமல் படி இறங்கினால் அவள் ஓடிப்போனவள். கோர்ட்டும் அப்படித்தான் சொல்லும், பிள்ளை அப்பன் பக்கம் போய்விடும். மாமியார் வெங்கடம்மாள் இதைச் சொல்லும்போது, நீதிபதியே வந்து அவளிடம் கேட்டுக்கொண்டு போனது போல இருக்கும்.

கணவன் ஸ்ரீனிவாஸ் கை ஓங்கிய நாளெல்லாம் இந்தச் சட்டம்தான் ஹாரிகாவைக் கட்டிப்போட்டது. அடியைத் தாங்கலாம், மகள் தேஜஸ்ரீயை விட்டுவிட முடியாது. ஆனால் போன வாரம் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் குழந்தை சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். 

மறுநாளே ஹாரிகா ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லிக் கோவைக்கு பஸ் ஏறினாள். கூடப் படித்த பிரத்யுஷா கணபதியில் ஒரு பட்டறை மாடியில் வக்கீலாக உட்கார்ந்திருந்தாள். கீழே இரும்பு அறுக்கிற சத்தத்தில் குங்குமக் கதையைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிரத்யுஷா சிரிக்கவில்லை. இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றாள். தாலியைக் கழற்றிக் கொடுத்தால் விவாகரத்து என்று ஒருத்தி, பல வருஷம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாக ரத்து என்று இன்னொருத்தி. அடி தாங்காமல் வெளியேறியவளைச் சட்டம் ஓடிப்போனவள் என்று தள்ளிவிடாது, பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான் கோர்ட் பார்க்கும் என்றும் சொன்னாள்.

"சண்டை போட வேண்டி வரும், அத மறைக்க மாட்டேன். ஆனா குங்குமத்த ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீனிவாஸும் மாமனார் திருமலைசாமியும் கொடுமுடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். ஹாரிகா கூடத்தின் நடுவிலேயே பெட்டியை அடுக்கினாள். ஒளிந்துபோக அவளுக்கு இனி அவசியமில்லை.

"அத்தை, நானும் பாப்பாவும் எங்கம்மா ஊட்டுக்குப் போறமுங்க. திரும்பி வாரதா இல்லீங்க."

வெங்கடம்மாள் சாமி அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அது இல்லாமல் எப்படிப் போவாய் என்று அர்த்தம்.

ஹாரிகா வக்கீல் சொன்னதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். கிழவி எகிறுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நெசமாவா கண்ணு? பொட்டு வாங்காட்டியும் புள்ள நம்மகிட்ட இருக்குமா?"

"பொட்டுக்கும் புள்ளைக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"எங்க மாமியா எனக்குச் சொன்னாங்க. ஸ்ரீனிவாசு அப்பத் தொட்டில்ல கெடந்தான். உங்க மாமன் அடிச்ச அடிக்கு நான் அன்னிக்கே போயிருப்பேன்."

ஹாரிகாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த வலி தெரிந்தும் என்னையும் கட்டிப்போட்டாயா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்க முடியவில்லை, பாவமாக இருந்தது.

ஆட்டோ வந்தது. தேஜஸ்ரீ முதலில் ஏறிக்கொண்டாள். வெங்கடம்மாள் வாசல் கேட் வரைக்கும் வந்தாள். சிமிழ் முந்தானையிலேயே இருந்தது, அவிழ்க்கவில்லை.

"ஏனுங் அம்மணி, அந்த வக்கீலம்மா என்ர வயசுக்காரங்களுக்கெல்லாம் கேசு எடுப்பாங்களா?"

ஹாரிகா ஆட்டோவில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.