மதில் பாய்ந்த கதை

படம் தொடங்கி அரை மணித்தியாலத்திலேயே மகேந்திரராஜாவுக்கு அலுத்துவிட்டது. யப்பானியச் சிறை ஒன்றில் முடிவெட்டும் கைதி, சாப்பாட்டுக் குச்சியால் மூன்று வருடமாகச் சுரங்கம் தோண்டுகிறான். தோண்டி வெளியே வந்தால் அது சிறை அதிகாரியின் சமையலறை. சனம் சிரித்தது. அடுத்த காட்சியில் அவனுடைய தாய் செத்த செய்தி வருகிறது. சிரித்த வாயை மூடுவதற்குள் அழச் சொன்னால் எப்படி? இரண்டையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள் எடுத்த படம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எழுந்து போகவும் வழியில்லை. படம் முடிந்ததும் மேடையில் ஏறவேண்டியவர் அவர்தான்.

எல்லாம் மகள் ஆதிரையின் வேலை. ஜெர்மனியில், நொய்கெல்ன் பகுதியின் இந்தச் சின்னத் திரையரங்கில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் படம் போடும் குழுவில் அவளும் ஒருத்தி. "படம் முடிய நீங்கள் பத்து நிமிசம் கதைச்சாக் காணும் அப்பா. மதில் பாய்ஞ்சதைச் சொல்லுங்கோ" என்றாள். நோட்டீசிலும் போட்டுவிட்டாள்: உண்மையாகவே சிறையிலிருந்து தப்பியவர் பேசுகிறார்.

ஐந்து வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த கதை அது. பத்தடி மதில், முள்ளுக்கம்பி, பின்னால் வெடிச் சத்தம். அப்பாவின் கெண்டைக்காலில் இருக்கும் நீளத் தழும்பைத் தடவித் தடவிக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கினாள்.

ஒரேயொரு குறை, மகேந்திரராஜா எந்த மதிலும் பாயவில்லை.

ஊரில் சிறையில் இருந்தது உண்மை. பதினொரு மாதம். அடி வாங்கியதும் உண்மை. ஆனால் ஒருநாள் காலை காவலாளி கதவைத் திறந்து, அறையில் இருந்த பதினான்கு பேரில் அவர் உட்பட ஏழு பேரின் பெயரை வாசித்து, வீட்டுக்குப் போகச் சொன்னான். அவ்வளவுதான். ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமில் இதைச் சொன்னபோது, எல்லோருக்கும் அகதி விண்ணப்பக் கேஸ் எழுதிக்கொடுத்த சிறீதரன் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா விட்டவங்கள் எண்டா ஜெர்மன்காரன் நம்பான். நம்பினாலும், அப்ப உனக்கு அங்கை என்ன பயம், திரும்பிப் போ எண்டுவான். மதில் பாய்ஞ்சனெண்டு சொல்லு." அந்த வருடம் அந்த முகாமில் கேஸ் கொடுத்தவர்களில் பாதிப் பேர் மதில் பாய்ந்தவர்கள்தான். எல்லோரையும் திரட்டி ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கலாம். மகேந்திரராஜாவுக்கு விசா கிடைத்தது. கதையும் கூடவே வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

படத்தின் கடைசிக் காட்சி. கிழட்டுக் காவலாளி ஒருவன் காரணம் சொல்லாமல் கதவைத் திறந்து, போ என்கிறான். முடிவெட்டுகிறவன் வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று தன் கால்களைப் பார்க்கிறான். படம் முடிந்தது.

"சும்மா கதவைத் திறந்து விடுறதாம். ஆர் நம்புவினம்?" என்றாள் ஆதிரை.

மகேந்திரராஜாவைக் கேட்டால், அந்த ஒரு காட்சியை மட்டும் படம் எடுத்தவன் சரியாக எடுத்திருந்தான்.

மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார். பொய் என்று தெரிந்தால் பாஸ்போர்ட்டைப் பறிப்பார்களோ என்று ஒரு கணம் யோசித்தார், பேய்த்தனமான யோசனைதான். உண்மையான பயம் முன்வரிசையில் இருந்தது. மதில் கதையைச் சொன்னால் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கலாம். சொல்லாவிட்டால், தழும்பைத் தடவிய பிள்ளை இனி அவரை எப்படிப் பார்ப்பாள்?

"நான் தப்பவில்லை" என்றார் ஜெர்மனில். "படத்தில் காட்டியது போலத்தான். கதவைத் திறந்துவிட்டார்கள்."

யாரோ பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். ஏன் விட்டார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றார். கைதட்டு மரியாதைக்கு வந்து நின்றது.

சுரங்க ரயில் நிலையத்தின் படி இறங்கி, ரயில் நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஆதிரை கேட்டாள்.

"அப்ப அந்தக் காயம்?"

"சின்னனிலை சைக்கிளாலை விழுந்தது."

"கேஸுக்குச் சொன்னது விளங்குது. எனக்கேன் சொன்னனீங்கள்?"

"மதில் பாய்ஞ்சனெண்டா அது என்ரை கெட்டித்தனம், பிள்ளை. கதவு திறந்ததெண்டா, மற்ற ஏழு பேருக்கும் ஏன் திறக்கேல்லை எண்டு நீ கேப்பாய்."

அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அவசரத்திலை, பக்கத்திலை படுக்கிற யோகலிங்கத்தின்ரை செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திட்டன். பஸ்ஸுக்கு நிக்கேக்கைதான் கண்டனான். குடுப்பமெண்டு திரும்பிப் போனன். வாசல்லை நிண்டவன் துவக்கைக் காட்டிக் கலைச்சுப்போட்டான்."

"பிறகு?"

"அடுத்த கிழமை அந்த ஏழு பேரையும் சுட்டுப்போட்டாங்களெண்டு கேள்விப்பட்டன்."

ரயில் ஒன்று வந்து போனது. இருவரும் ஏறவில்லை.

"செருப்பு?" என்று மெல்லக் கேட்டாள்.

"கொழும்பு வரைக்கும் போட்டிருந்தன்" என்றார் மகேந்திரராஜா. "எனக்கு அளவாத்தான் இருந்தது."